படுக்கைப்புண் கணக்கு: அந்த ஒற்றை எண் எதைச் சொல்லுது?

ஆஸ்பத்திரிகளில் எத்தனை நோயாளிகளுக்குப் படுக்கைப்புண் இருக்குன்னு நாடு முழுக்க எண்ணிப் பார்ப்பது நல்ல காரியம்தான். எண்ணி முடித்ததும் கையில் கிடைக்கிற சதவீதத்தை எப்படிப் படிப்பது என்பதில்தான் சிக்கல். இங்கிலாந்தில் நடந்ததைப் பார்த்தாலே இது புரியும்.

அங்கே என்.எச்.எஸ். ‘சேஃப்டி தெர்மாமீட்டர்’ என்று ஒரு கணக்கெடுப்பை நடத்தியது. மாதத்தில் ஒரு நாள், வார்டில் இருக்கிற ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் நாலு விஷயம் குறிக்கணும்: படுக்கைப்புண், கீழே விழுதல், கதீட்டரால் வரும் சிறுநீர்த் தொற்று, ரத்தக்கட்டி. நாடு முழுக்க ஒரே படிவம். கட்டில் பக்கத்தில் நின்றே நர்ஸ் நிரப்பிவிடலாம். இவ்வளவு எளிமையாக இருந்ததால்தான் அது பரவியது.

ஆனா வருஷத்தில் 12 நாள்தான் பார்க்கிறார்கள். இடையில் வந்து ஆறிப்போன புண் கணக்கில் வராது. மூணு மாசம் படுத்திருப்பவரின் ஒரே புண் மூணு தடவை வரும். ஆக, நீண்ட நாள் நோயாளிகள் அதிகம் இருக்கிற ஆஸ்பத்திரி, கவனிப்பு நல்லா இருந்தாலும் மோசமாகத் தெரியும்.

‘புதுசா, பழசா’ என்பதற்கு வைத்திருந்த 72 மணி நேர விதி இன்னொரு குழப்பம். சேர்ந்து அத்தனை நேரத்துக்குள் தெரிகிற புண் ‘ஏற்கெனவே இருந்தது’. ஆழத்தில் ஏற்பட்ட சேதம் தோலில் தெரிய ரெண்டு மூணு நாள் ஆகலாம். அவசரப் பிரிவு டிராலியில் பல மணி நேரம் கிடந்ததால் வந்த புண்ணும் இப்படி வீட்டுக் கணக்கில் போய்விடும். 2018-ல் வந்த புதிய வழிகாட்டுதல் இந்த விதியைக் கைவிடச் சொன்னது.

அடுத்து, எதைப் புண் என்று எண்ணுவது? தெர்மாமீட்டர் 2ஆம் நிலையிலிருந்துதான் எண்ணியது. அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு, அதாவது 1ஆம் நிலை, வெளியே. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 5,947 நோயாளிகளைப் பார்த்து 2007-ல் வெளியான ஆய்வில், எல்லா நிலைகளையும் சேர்த்தால் 18.1%, 1ஆம் நிலையை விட்டால் 10.5%. நோயாளிகள் அதே ஆட்கள்தான், வரையறை மட்டும் மாறியது. அதிலும் அந்தச் சிவப்பு நம்மைப் போன்ற கருத்த தோலில் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. 1ஆம் நிலையைச் சேர்த்தாலும் சிலருடையது தப்பிப் போகும்.

இதோடு பணமும் சேர்ந்தது. தெர்மாமீட்டர் விவரங்களைத் திரட்டுவதற்கும், பிறகு புண்களைக் குறைப்பதற்கும் ஆஸ்பத்திரிகளுக்கு ஊக்கத்தொகை வைத்தார்கள். நோயாளியைப் புரட்டி முதுகுக்கடியிலும் குதிகாலிலும் ஒழுங்காகப் பார்க்கிற வார்டில் எண் ஏறும்; பார்க்காத வார்டில் இறங்கும். காசு யாருக்குப் போகும்னு யோசிச்சுப் பாருங்க. லீட்ஸ் ஆய்வாளர்கள் பல ஆஸ்பத்திரிகளில் நேரடியாகத் தோலைப் பார்த்துச் செய்த தணிக்கையில், கண்ணால் கண்ட பல புண்கள் பதிவிலேயே இல்லை. எல்லாம் வேண்டுமென்றே மறைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனா அதிகம் கண்டுபிடிப்பவருக்கு நஷ்டம் என்கிற ஏற்பாட்டில் இதுதான் நடக்கும்.

2020-ல் தெர்மாமீட்டரை நிறுத்திவிட்டார்கள். அதுக்காக எண்ணுவதையே விட்டுவிடணும் என்பது என் வாதம் இல்லை. அந்த ஐரோப்பிய ஆய்வில் எனக்குப் பெரிதாகப் பட்டது 18.1 இல்லை, வேறொரு எண். தடுப்பு தேவைப்பட்ட நோயாளிகளில் முழுசாகப் போதுமான தடுப்பு கிடைத்தது 9.7% பேருக்குத்தான். சரியான மெத்தை போட்டார்களா, நேரத்துக்குப் புரட்டிப் படுக்க வைத்தார்களா என்பதைக் கேட்டுக் கிடைத்த எண் அது. புண்ணோடு சேர்த்து இதையும் எண்ணினால்தான், கண்ணை மூடிக்கொண்டு நல்ல பேர் வாங்குவது கொஞ்சமாவது கஷ்டமாகும்.