ஷாஃப்டை மட்டும் மாற்றினால் போதுமா?

டூரிங் ஆர்சி (ரிமோட்) காரோடு வரும் டாக்போன் ஷாஃப்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இரட்டை மூட்டு எஃகு ஷாஃப்டைப் பூட்டுவது, கார் வாங்கிய கையோடு செய்யவேண்டிய முதல் மேம்பாடு என்றாகிவிட்டது. 2013-இல் வந்த தமியா டிடி-02 போன்ற தொடக்கநிலைக் கார்களுக்கும் இதே பரிந்துரைதான். எஃகு தேயாது, ஆகவே பராமரிப்பும் வேண்டாம் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

இரட்டை மூட்டின் நன்மை மெய்யானது. முன்சக்கரம் 30 பாகை திரும்பியிருக்கும்போது, சக்கர முனையில் ஒற்றை மூட்டு உள்ள ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை சக்கரத்தின் வேகத்தை ஏறத்தாழ 13 விழுக்காடு குறைத்தும் 15 விழுக்காடு கூட்டியும் அலைக்கழிக்கிறது. வளைவில் ஸ்டீயரிங் அதிர்வது அதனால்தான். இரண்டு மூட்டுகள் இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது பெருமளவு ஈடுசெய்துவிடும். மோதலில் ஷாஃப்ட் எளிதில் கழன்று விழுவதுமில்லை. திரும்பாத பின்சக்கரங்களுக்கோ இந்த நன்மை அற்பம்.

தேயாது என்ற வாதம்தான் நிற்காதது. ஷாஃப்டின் உள்முனையில் உள்ள குறுக்குப் பின், டிஃபரன்ஷியல் கப்பின் பிளவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போதெல்லாம் அது அந்தப் பிளவில் வழுக்கியாக வேண்டும். கடினமான எஃகுப் பின் தான் தேயாமல் நிற்கும். எதிரே உள்ள பிளாஸ்டிக் அல்லது அலுமினியக் கப்பைக் குடையும். தேய்மானம் ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

குடைந்த இடத்தில் விழும் பள்ளம் கண்ணுக்குச் சிறியது, விளைவில் பெரியது. திராட்டில் கொடுத்ததும் பின் அந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. வழுக்க வேண்டியது வழுக்காததால் சஸ்பென்ஷன் இறுகி, கார் மேடுபள்ளங்களில் துள்ளுகிறது. ஓட்டுபவர் ஸ்பிரிங்கை மாற்றுகிறார், டேம்பர் எண்ணெயை மாற்றுகிறார், கடைசியில் இன்னொரு ஷாஃப்ட் வாங்குகிறார். பழைய பள்ளத்தில் பூட்டிய புதுப் பின், பளுவைப் பள்ளத்தின் விளிம்பில் மட்டுமே தாங்குவதால் அதுவும் விரைவில் கெடுகிறது. கப்பைப் பார்க்காமல் ஷாஃப்ட் மாற்றுவது பராமரிப்பு ஆகாது. பணத்தைக் கொடுத்து பழுதைத் தள்ளிப்போடுவதுதான்.

மலேசியாவின் நீலாய் போன்ற ஊர்களில் இது இன்னும் மோசமாகும். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கார் நிறுத்துமிடத் தாரில் செம்மண் தூசு எப்போதும் உண்டு. மூட்டில் தாராளமாக அப்பிய கிரீஸ் அதைப் பிடித்துவைத்து அரைக்கும் சாந்தாக மாற்றிவிடுகிறது. பிற்பகல் மழையில் நனைந்த எஃகைத் துடைக்காமல் வைத்தால் துருவும் சேரும். பராமரிப்பு வேண்டாம் என்ற பேச்சு இந்த மண்ணுக்குக் கொஞ்சமும் பொருந்தாது.

செய்யவேண்டியது எளிது, வரிசைதான் முக்கியம். முதலில் ஷாஃப்டைக் கழற்றித் துடைத்து, கண்ணாடிமேல் உருட்டி வளைவு பார்க்கவேண்டும். பிறகு கப்பின் பிளவை நகத்தால் தடவிப் பார்க்கவேண்டும். பள்ளம் தட்டுப்பட்டால் அமைப்பு இடம்கொடுக்கும் கார்களில் கப்புகளை இடவலமாக மாற்றிப் பூட்டலாம். பளு தேயாத மறுமுகத்துக்குப் போகும். இருமுகமும் தேய்ந்திருந்தால் கப்பையும் சேர்த்தே மாற்றவேண்டும். வெளிமூட்டில் ஆட்டம் இருந்தால், தனியாகக் கிடைக்கும் மூட்டுப் பின்னை மட்டும் மாற்றி, கிரப் ஸ்க்ரூவுக்கு ஒரு துளி திரெட்லாக் இட்டால் போதும். கிரீஸ் மெல்லிய படலமாக இருக்கட்டும். முழு ஷாஃப்டையும் வாங்குவது, இவற்றுக்குப் பிறகும் வளைவோ ஆட்டமோ மிஞ்சினால் மட்டுமே.