மேடைச் சொற்கள்: பட்டியலும் பயிற்சியும்

நாடகம் கற்கத் தொடங்குபவருக்கு முதலில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் ஒரு சொற்பட்டியல்தான். அப்ஸ்டேஜ், டவுன்ஸ்டேஜ், ஸ்டேஜ் லெஃப்ட், ஸ்டேஜ் ரைட், விங்ஸ், கியூ, பிளாக்கிங் என்று நீளும் அதோடு, மேடைத் தரையை ஒன்பது கட்டங்களாகப் பிரித்த படமும் சேர்ந்து வரும். மாணவர் மனப்பாடம் செய்து தேர்வில் விளக்கம் எழுதுவார். இந்த முறைக்கு நியாயம் உண்டு. இயக்குநர் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், நடிகர் அவரைப் பார்த்து நிற்கிறார். ‘இடப்பக்கம் நகருங்கள்’ என்றால் யாருடைய இடப்பக்கம் என்ற குழப்பம் உடனே எழும். பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் இடக்கைப் பக்கமே ஸ்டேஜ் லெஃப்ட் என்று முடிவு செய்துவிட்டால், ஒளியமைப்பாளரும் மேடைப் பணியாளரும் ஒரே குறிப்பேட்டை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். பிரெஞ்சுக்காரர்கள் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். பாரிசின் துய்லெரி அரண்மனை அரங்கில் ஒருபுறம் தோட்டமும் மறுபுறம் முற்றமும் இருந்தன. அதனால் பார்வையாளருக்கு இடப்புறம் இன்றும் அவர்களுக்குத் தோட்டப்பக்கம், வலப்புறம் முற்றப்பக்கம். எந்தப் பெயர் என்பதைவிட, அரங்கில் உள்ள அத்தனை பேரும் அதையே சொல்வதுதான் முக்கியம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்தச் சொற்கள் ஒரு குறிப்பிட்ட கட்டடத்தில் பிறந்தவை. மறுமலர்ச்சிக் கால இத்தாலியில் திரைச்சீலை ஓவியங்களுக்குத் தூரத்தோற்றம் கிடைப்பதற்காக மேடையைப் பின்பக்கம் உயரும் சரிவாகக் கட்டினார்கள். 1545இல் வெளிவந்த செர்லியோவின் கட்டடக்கலை நூலில் அந்த அமைப்பைப் பார்க்கலாம். பின்னால் போவது மேலே ஏறுவதாக இருந்ததால் அது அப்ஸ்டேஜ் ஆயிற்று. தரை சமமாகிவிட்ட பிறகும் சொல் நிலைத்தது. பார்வையாளர் ஒரே பக்கம் இருப்பார்கள் என்ற எண்ணமும் அதற்குள்ளேயே தங்கிவிட்டது. நான்கு பக்கமும் ஆட்கள் சூழ்ந்த வட்ட அரங்கில் அப்ஸ்டேஜ் எங்கே? தெருக்கூத்துக் களரியில் மூன்று பக்கமும் மக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் பின்பாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். வேடம் கட்டியவர் விங்ஸ் எனப்படும் மேடையோர மறைவிலிருந்து நுழைவதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் பாடி, ஆடி, தன் வருகையை அறிவித்த பிறகே வெளிப்படுகிறார். கட்டியங்காரன் அவரைக் கேள்வி கேட்டுச் சபைக்கு அறிமுகப்படுத்துகிறான். ஒன்பது கட்டங்களை மட்டும் கற்ற மாணவருக்கு இவ்வளவு நுட்பமான நுழைவைக் குறிப்பிட ஒரு சொல்கூடக் கையில் இருக்காது. பெயர் இல்லாததைக் கலையாகக் கருதாமல் போகும் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. பெயர்கள் நம்மிடம் இல்லாமலும் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்ட அரங்கை விவரிக்கிறது. இரண்டு வாயில்களையும், ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்ற மூன்று திரைகளையும் சொல்கிறது. இவை இலக்கிய வகுப்பிலேயே நின்றுவிடுகின்றன. நாடக வகுப்புக்குள் வருவதில்லை.

அப்படியானால் ஆங்கிலச் சொற்களை ஒதுக்கிவிடலாமா என்றால், கூடாது. பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியது 1891இல். படச்சட்டம் போன்ற மேடையும் தொங்குதிரைகளும் அந்தக் காலத்திலிருந்தே நம் நாடக வரலாற்றின் பகுதி. இன்றும் சபா மண்டபங்களில் நடிக்கப்போகிறவருக்கு அந்த மேடையின் சொற்கள் வேண்டும்தான். அதனால் முதலில் அவற்றைக் கற்கட்டும், மற்றவை பிறகு என்று வாதிடுவோர் உண்டு. பட்டியலாகக் கற்றால் அந்தச் சபா மேடைக்கே அவை முழுமையாக உதவுவதில்லை என்பதே என் பதில். அப்ஸ்டேஜ் என்றால் பின்பகுதி என்று எழுதத் தெரிந்த மாணவர், உரையாடலின் நடுவே தான் இரண்டடி பின்வாங்கினால் என்ன ஆகும் என்பதை அறிவதில்லை. எதிரே நிற்பவர் அவரைப் பார்த்துப் பேச வேண்டுமென்றால் பார்வையாளருக்கு முதுகைக் காட்டியாக வேண்டும், காட்சி கைமாறிவிடும். இரண்டு பேரை நிறுத்திச் சில நிமிடம் பேசவிட்டால் இது விளங்கிவிடும். அதன் பிறகு அந்தச் சொல் மறக்காது. கியூவும் அப்படித்தான். வசனத்தின் எந்த அசையில் விளக்கு அணைய வேண்டும் என்று விளக்கை இயக்குபவரோடு சேர்ந்து முடிவு செய்தவருக்கு விளக்கவுரை தேவைப்படாது.

இதற்கெல்லாம் பருவத்தில் நேரம் இல்லை என்பார்கள். நேரத்தை விழுங்குவது செய்முறை அல்ல, சொற்பொருள் கேட்கும் வினாத்தாள். ஒரு சிறு காட்சியைக் கொடுத்து, அதன் நகர்வுகளையும் கியூக்களையும் பிரதியின் ஓரத்தில் குறிக்கச் சொன்னால் அதே மதிப்பெண்ணை இன்னும் நேர்மையாகப் போடலாம். அந்தக் காட்சியையே ஒருமுறை மேடையிலும், ஒருமுறை சுற்றி உட்கார்ந்த வகுப்பின் நடுவிலும், ஒருமுறை களரி அமைப்பிலும் நடிக்கச் செய்தால், எந்தச் சொல் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது மாணவருக்கே தெரிந்துவிடும். ந. முத்துசாமியின் நாடகக் குழுவான கூத்துப்பட்டறை 1977 முதல் கூத்தையும் நவீன நாடகத்தையும் ஒரே இடத்தில் வைத்துப் பயின்றது. அங்கே கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் நடிகர்கள் கற்றது பட்டியல் வழியாக அல்ல. நாடக ஆசிரியர்கள் சொற்பட்டியலைக் கிழித்தெறிய வேண்டாம். முதல் வாரத்தில் கொடுக்காமல், மாணவர்கள் மூன்று வகை அரங்கிலும் நின்று பார்த்த பிறகு கொடுங்கள். களரியின் சொற்களையும் எழினிகளின் பெயர்களையும் அதே பட்டியலில் சேர்த்துக் கொடுங்கள்.