மண்வள அட்டையும் கடைமடை நிலமும்

பயிர் வளர்ந்து மணி முற்ற இன்றியமையாதவை என்று அறிவியல் ஏற்றுள்ள 17 தனிமங்களுள் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைத்துவிட, எஞ்சிய 14-ஐயும் வேர் பெரும்பாலும் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தழைச்சத்தாகிய நைட்ரஜன் இலையையும் தூரையும் பெருக்குகிறது. மணிச்சத்தாகிய பாஸ்பரஸ் வேரோட்டத்துக்கும் மணி பிடிப்பதற்கும் துணைசெய்கிறது. சாம்பல்சத்தாகிய பொட்டாசியம் தண்டுக்கு உறுதியும் பயிருக்கு நோய் தாங்கும் வலிமையும் தருகிறது. இவற்றுள் எது மிகக் குறைவாக உள்ளதோ அதுவே விளைச்சலின் எல்லையை வகுக்கும், பிறவற்றை அள்ளி இட்டாலும் அந்த எல்லை நகராது என்று 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர்கள் ஸ்பிரெங்கலும் லீபிக்கும் எடுத்துரைத்த கருத்தே மண் பரிசோதனையின் வேர். 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம் அந்தக் கருத்தை ஒவ்வொரு உழவர் கைக்கும் கொண்டுசெல்ல முயன்றது. காவிரியின் கடைமடையில், கடலோரத்து நிலத்தில் அந்த அட்டை எவ்வளவு பயன்படுகிறது, எங்கே தவறுகிறது என்பது ஆழ்ந்து ஆராயத்தக்கது.

நாகூருக்கு வடக்கே, காரைக்கால் துறைமுகம் அமைந்துள்ள கீழவாஞ்சூர் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அதற்குத் தெற்கே அடுத்துள்ள நிலமோ தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் மாவட்டம். நிர்வாகம் இரண்டானாலும் மண்ணும் நீரும் ஒன்றே. காவிரி நீர் பல மதகுகளைக் கடந்து கடைசியாக எட்டும் இடம் இது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் வழங்கிய இறுதித் தீர்ப்பு புதுச்சேரிக்கென ஒதுக்கிய 7 டி.எம்.சி. நீரை நம்பியே காரைக்கால் பாசனம் இருக்கிறது. ஆற்றுநீர் குறையும்போது கடல்நீர் முகத்துவாரங்கள் வழியே உள்ளேறுகிறது, நிலத்தடி நீரும் உவர்க்கிறது. ஆகவே இங்கே சத்து பற்றிய கேள்வி எதுவும் உப்பைத் தவிர்த்து விடை பெற முடியாது.

அட்டையின் சிறப்புகளை முதலில் சொல்வதே முறை. தழை, மணி, சாம்பல், கந்தகம் ஆகிய நான்கு சத்துகள், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகிய ஐந்து நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், கரிமக் கார்பன் என 12 அளவுகளை அது ஒரே தாளில் தருகிறது. யூரியா, டிஏபி, பொட்டாஷ் என்ற மூன்று மூட்டைகளுக்குள் அடங்கியிருந்த உரப் பேச்சு இதனால் விரிந்தது. நட்ட இரண்டு, மூன்று வாரங்களில் இளம் இலையின் நடுநரம்பு அடியில் வெளுத்து, கீழ் இலைகளில் துரு நிறப் புள்ளிகள் பரவி, நாற்று குன்றி நிற்கும் வயலில் தழைச்சத்துக் குறை என எண்ணி யூரியாவை மேலுரமாக வீசுவது பல இடங்களில் வழக்கம். உண்மையில் அது துத்தநாகக் குறை. ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடுவதே அதற்குப் பரிந்துரை. இந்த வேறுபாட்டைப் பயிர் வாடுவதற்கு முன்பே எண்ணால் அறிவிப்பது அட்டையின் பெருங்கொடை.

குறை மாதிரி எடுப்பதில் தொடங்குகிறது. பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது திட்டத்தின் கணக்கு. டெல்டாவின் நில அளவையில் அது ஏறத்தாழ ஒரு வேலி. இருபது மா கொண்ட ஒரு வேலிக்குள் பல உழவர்களின் வயல்கள் அடங்கும். வாய்க்காலை ஒட்டிய மேட்டு வயலும், வடிகால் இன்றி நீர் தேங்கும் பள்ள வயலும் அதிலேயே இருக்கும். முன்னதில் சத்து அரித்துச் செல்ல, பின்னதில் உப்பு படிய, இரண்டையும் கலந்த அரைக்கிலோ மண்ணின் சராசரி எந்த வயலுக்கும் பொருந்தாத ஓர் எண்ணாகிவிடுகிறது.

இதைவிட ஆழமான குறை காலத்தைச் சார்ந்தது. அறுவடை முடிந்து நிலம் வெறுமையாகக் கிடக்கும் கோடையிலேயே பெரும்பாலும் மண் எடுக்கப்படுகிறது. அப்போது அடிமண்ணின் ஈரம் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறி ஆவியாக, அது சுமந்து வந்த உப்பு மேற்பரப்பில் வெண்மையாகப் பூத்திருக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்து வடிந்தபின் அதே வயலின் உப்பளவு பெரிதும் இறங்கியிருக்கும். ஒரே நிலத்துக்கு இரண்டு உண்மைகள் இருக்க, அட்டை ஒன்றை மட்டுமே பதிவுசெய்கிறது. மேலும், உலர்த்திச் சலித்த மண்ணில் செய்யும் சோதனை, நீர் கட்டிய நெல்வயலின் வேதியியலை முழுமையாகக் காட்டுவதில்லை. நீர் தேங்கி ஆக்சிஜன் குறையும்போது இரும்போடு பிணைந்திருந்த மணிச்சத்து விடுபடுகிறது. துத்தநாகமோ வேருக்கு எட்டாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. முறை வைத்து நீர் வரும் கடைமடையில் வயல் காய்வதும் நனைவதுமாக இருப்பதால் இந்த மாற்றம் ஒரே பருவத்தில் பலமுறை நிகழும்.

மூன்றாவது குறை அட்டைக்கு வெளியே, விலையில் இருக்கிறது. 2010-இல் சத்து அடிப்படையிலான மானிய முறை வந்தபோது யூரியா அதற்குள் சேர்க்கப்படவில்லை. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, 50 கிலோ டிஏபி மூட்டை 1,350 ரூபாய் என்ற விலையில், ஒரு கிலோ தழைச்சத்துக்கு 13 ரூபாய்க்கும் குறைவாகவும், ஒரு கிலோ மணிச்சத்துக்கு 50 ரூபாய்க்கு மேலும் உழவர் கொடுக்க நேர்கிறது. சமச்சீர் உரம் இடுக என்று அட்டை அறிவுறுத்த, யூரியாவை இடுக என்று விலை தூண்டுகிறது. காரத்தன்மை மிகுந்த மண்ணில் மேலே வீசிய யூரியாவின் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் கலந்து வீணாவதால், அந்த மலிவும் முழுமையான மலிவாக அமைவதில்லை.

இக்கரையின் அனுபவம் வேறொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகை, காரைக்கால் கடலோர வயல்களில் கடல்நீர் புகுந்தபோது, அவற்றை மீட்டவை வடிகால், மழைநீர், ஜிப்சம், தக்கைப்பூண்டு ஆகியவையே. ஜிப்சத்தின் கால்சியம் களிமண்ணில் ஒட்டிய சோடியத்தை விடுவிக்க, தேக்கிய மழைநீர் அதைக் கரைத்து வெளியேற்றியது; மடக்கி உழுத தக்கைப்பூண்டு மண்ணுக்குக் கரிமத்தைத் திருப்பித் தந்தது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் அந்த மீட்புப் பணியில் பசுந்தாளையே முன்னிறுத்தினார். உப்பை வெளியேற்றும் வழி திறந்த பிறகே உரத்தின் கணக்குப் பலிக்கும் என்பதை அந்த ஆண்டுகள் மெய்ப்பித்தன.

எனவே அட்டையைக் கைவிடுவது பேரிழப்பு. அதை அப்படியே நம்புவதும் போதாது. உப்பளவைக் கோடையில் ஒருமுறையும் மழை வடிந்தபின் ஒருமுறையும் பார்ப்பது, மேட்டு வயலுக்கும் பள்ள வயலுக்கும் தனித்தனி மாதிரி எடுப்பது, தழைச்சத்தை மட்டும் இலை வண்ண அட்டையைக் கொண்டு பயிரின் நிறம் பார்த்துப் பிரித்து இடுவது ஆகிய மூன்றும் பெருஞ்செலவு வேண்டாதவை. காரைக்காலிலேயே பண்டித ஜவகர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கையில் இவை எட்டாத செயல்களும் அல்ல. இவற்றோடு, பரிந்துரையின் முதல் வரி உர மூட்டைக் கணக்காக இல்லாமல், அந்த வயலின் நீர் எவ்வழியே வடிகிறது என்பதாக அமையுமானால், கீழவாஞ்சூர் போன்ற ஊர்களின் உழவருக்கு அந்தத் தாள் தம் நிலத்தைப் பற்றியே பேசும்.