தாளத்தோடு தடுக்கும் படம்

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்குக் கெட்டிமேளம்தான் கிளாப் பலகை. தவில்காரரின் கை தோலில் விழும் ஃபிரேமும் சத்தம் எழும் இடமும் ஒன்றாக வர வேண்டும். நான் எடிட் செய்த ஒரு கல்யாணத்தில் அப்படி வரவில்லை. இரண்டு கேமராக்கள் நொடிக்கு 25 ஃபிரேமில் ஓடியவை. மூன்றாவது கோணம், மேடையோரம் ஸ்டாண்டில் நிறுத்திய செல்போன். ஹோமம் தொடங்கும்போது ஒட்டியிருந்த செல்போன் படம், 40 நிமிடம் கழித்துத் தாலி கட்டும் இடத்தில் ஒன்றரை நொடி முந்திப்போய் நின்றது. கை விழுந்து ஓய்ந்த பிறகு சத்தம் வந்தது.

இப்படி எது நடந்தாலும் எங்கள் வட்டாரத்தில் கிடைக்கும் முதல் பதில் ஒன்றுதான்: “சிஸ்டம் பத்தல, கிராஃபிக்ஸ் கார்டை மாத்துங்க.” செலவு வைக்கிற இந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி?

எடிட்டிங் மென்பொருளின் திரையில் மட்டும் படம் திக்கி, எக்ஸ்போர்ட் செய்த கோப்பு சீராக ஓடினால், அந்தப் பதில் சரி. எச்.265 போன்ற இறுக்கமான கோப்பை உடனுக்குடன் அவிழ்க்கக் கணினி திணறுகிறது என்று பொருள். அதற்கும் கார்டு வாங்குமுன் பிராக்ஸி, அதாவது இலகுவான நகல் கோப்பு, வைத்துப் பார்க்கலாம். எக்ஸ்போர்ட்டிலும் தடுக்கிறது என்றால் சேதம் பதிவிலேயே இருக்கலாம், அல்லது டைம்லைன் கணக்கில் இருக்கலாம். புதுக் கார்டு இரண்டையும் தொடாது.

அடுத்துச் செய்ய வேண்டிய சோதனைக்குக் காசு தேவையில்லை. கேமரா பக்கவாட்டில் திரும்பும் ஒரு ஷாட்டை எடுத்து, அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். ஐந்து ஃபிரேம் நகர்ந்து, ஆறாவது அப்படியே நின்று, மறுபடி ஐந்து நகர்ந்து ஒன்று நின்றால், அந்தத் தடுக்கலுக்கு ஒரு தாளம் இருக்கிறது. 25 ஃபிரேம் படத்தை 30 ஃபிரேமில் பிடித்திருக்கிறார்கள். நொடிக்குக் குறையும் ஐந்தை, இருப்பதையே இரட்டித்து நிரப்பியிருக்கிறது மென்பொருள். மாறாக, ஓரிடத்தில் நான்கு ஃபிரேம் காணாமல் போய், இரண்டு நிமிடம் ஒழுங்காக ஓடி, பிறகு ஏழு ஃபிரேம் காணாமல் போனால் அதில் தாளமே இல்லை. வழியில் ஏதோ ஒரு கருவி மூச்சுத் திணறியிருக்கிறது. தாளம் இருந்தால் கணக்குப் பிழை, இல்லாவிட்டால் கருவிப் பிழை. இத்தனை ஆண்டுகளில் இதைவிட நம்பகமான சோதனை எனக்குக் கிடைக்கவில்லை.

மண்டபத்திலிருந்து நேரலை அனுப்பிக்கொண்டே பதிவும் செய்பவர்களிடம் முதல் வகைதான் அதிகம். ஓ.பி.எஸ். மென்பொருள் நிறுவியவுடன் 30 ஃபிரேமில் நிற்கும். கேமராவோ 25-இல் இருக்கும். யாரும் ஃபிரேம் ரேட் பட்டியலைத் திறந்து 25-ஐத் தேர்ந்தெடுப்பதில்லை. அதே மென்பொருளின் புள்ளிவிவரச் சாளரத்தில் மூன்று எண்ணிகள் உண்டு: காட்சியைக் கோப்பதில் தவறிய ஃபிரேம்கள், என்கோடிங் தாமதத்தால் விட்டவை, இணையத்தில் விழுந்தவை. மூன்றும் பூஜ்ஜியம் காட்டியும் படம் ஜெர்க் அடித்தால் கணினியின் வேகத்தைச் சந்தேகிக்க ஆதாரம் இல்லை. மூன்றாவது மட்டும் ஏறினால் அது நேரலை பார்ப்பவர்களின் துன்பம். வட்டில் இருக்கும் பதிவுக்கு அதனால் பாதிப்பில்லை. இரண்டாவது ஏறினால் கணினியைக் குறை சொல்லலாம்.

கருவியின் மேல் உண்மையிலேயே பழி விழும் இடமும் உண்டு. 1920-க்கு 1080 படத்தைச் சுருக்காமல், புள்ளிக்கு இரண்டு பைட் வீதம், 25 ஃபிரேமில் பிடித்தால் நொடிக்குச் சுமார் 104 மெகாபைட் ஓடும். யு.எஸ்.பி. 2.0 ஏட்டளவிலேயே 60 மெகாபைட் தாண்டாது. ஆகவே அந்த வகை மலிவு கேப்சர் குச்சிகள் படத்தை நசுக்கித்தான் அனுப்ப முடியும். அட்டையில் ‘4கே’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் உள்ளே வாங்கும் அளவு. சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலும் இதே தொல்லை: நிரம்ப நிரம்ப உள்வட்டங்களுக்கு நகர்ந்து எழுதும் வேகம் இறங்கும். காலையில் சீராக ஓடிய பதிவு சாயந்திர வரவேற்பில் ஃபிரேம் விடுவதற்கு இது ஒரு காரணம். இங்கே எஸ்.எஸ்.டி. வாங்கச் சொல்வது நியாயம்.

இனி அந்தச் செல்போன். கோப்பை மீடியா இன்ஃபோவில் திறந்தேன். ஃபிரேம் ரேட் வகை: மாறுவது. சராசரி 29.98. வெளிச்சம் குறைந்தபோதெல்லாம் போன் தானாக ஃபிரேமைக் குறைத்திருக்கிறது. எடிட்டிங் மென்பொருள் அதைச் சீரான 30 என்று எண்ணி அடுக்கியது. நொடிக்கு 0.02 ஃபிரேம் என்பது அற்பமாகத் தெரியும். 40 நிமிடத்தில் அதுவே 1.6 நொடி. ஹேண்ட்பிரேக்கில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றி மறுபடி வைத்தேன். தவில் சேர்ந்தது.

இந்த வைத்தியத்தைச் சர்வரோக நிவாரணியாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மாற்றியது ஒலியின் ஒட்டுதலை மீட்டது, அசைவை மீட்கவில்லை. 30-ஐ 25 டைம்லைனில் வைத்தால் ஆறில் ஒரு ஃபிரேம் கழிந்தே தீரும். இடைப்பட்ட ஃபிரேம்களைக் கணித்து உருவாக்கும் ஆப்டிகல் ஃப்ளோ போட்டுப் பார்த்தேன். முகங்கள் தப்பின, அட்சதை தப்பவில்லை. காற்றில் பறந்த அரிசி மணிகள் பாதி கரைந்து, மணமகளின் நெற்றிச்சுட்டியோடு கலந்து கோடாக இழுபட்டன. அந்தச் சிதைவை ஒரு குடும்பம் காலமெல்லாம் பார்க்க நான் கொடுக்க மாட்டேன். தாலி கட்டும் இடத்தில் கேமரா கோணத்தையே வைத்தேன். செல்போனை, அசைவில்லாத மூன்று ஷாட்டுகளுக்கு மட்டும் பயன்படுத்தினேன்.

எல்லாவற்றையும் 30-இலேயே எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். எடுக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல்விளக்கு மினுக்கும் என்ற வாதம் பாதிதான் சரி. ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் வாடகைக்கு வரும் இரண்டாவது கேமரா 25-இல்தான் வரும், ஆகவே என் தீர்ப்பு 25. ஐபோனில் பி.ஏ.எல். வடிவங்களைக் காட்டு என்ற அமைப்பைத் திறந்தால் 25 கிடைக்கும். ஃபிரேமைத் தானாக மாற்றும் வசதியையும் அங்கேயே அணைக்கலாம். இதற்கு ஆகும் நேரம், மேடையில் விளக்கு ஏற்றி முடிப்பதற்குள் அடங்கும்.