உணவுப் பொதியும் உத்தரவாதமும்

ஒரு நாவல் சட்டத்துக்கு வழிகோலிய நிகழ்ச்சிகள் உலக வரலாற்றில் அரியன. அவற்றுள் ஒன்று அப்டன் சிங்ளேயரின் 'ஜங்கிள்'. சிக்காகோ இறைச்சித் தொழிற்சாலைகளில் உழன்ற குடியேற்றத் தொழிலாளரின் வாழ்வைச் சித்திரித்த அந்நாவல் 1906இல் நூலாக வெளிவந்தது. அவ்வாண்டு யூன் மாதத்திலேயே இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் ஐக்கிய அமெரிக்காவில் நிறைவேறின. ஆயினும் ஆசிரியர் நாடியது தொழிலாளியின் விடுதலை. வாசகர் கண்டதோ தம் தட்டிலிருந்த இறைச்சி. சட்டம் உணவைக் காத்தது; உழைத்தவனைக் காக்கவில்லை. நாவலின் இறுதிப் பகுதி பிரசாரமாயிற்று என்பர் சிலர். எமக்கோ, அது எழுப்பிய வினா பாதி விடையோடு நின்றதே பெருங்குறையாகப் படுகிறது.

கண்டியில் வாழ்வோர்க்கு அவ்வினா இன்று அந்நியமானதன்று. கைப்பேசியில் விரலை வைத்தால் கட்டுகஸ்தோட்டையிலோ பேராதனையிலோ உள்ள வீட்டு வாசலுக்குக் கொத்து ரொட்டி வந்து சேருகிறது. ஊபர் ஈட்ஸ், பிக்மீ முதலிய நிறுவனங்கள் இவ்வணிகத்தை நடத்துகின்றன. சமைத்தவர் யார், சமையற்கட்டு எத்தகையது என்பவற்றை உண்பவர் காண்பதில்லை. அவர் காணும் ஒரே முகம், மழையில் நனைந்து மோட்டார்ச் சைக்கிளில் வரும் இளைஞனின் முகம். உணவு கெட்டிருப்பின் முதற் சினமும் அவன் மீதே பாய்கிறது.

சட்டம் என்ன கூறுகிறது? 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், மனித நுகர்வுக்கு ஒவ்வாத உணவை உற்பத்தி செய்தல், இறக்குமதி செய்தல், விற்றல், விநியோகித்தல் ஆகிய நான்கையும் தடுக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடையைச் சோதிக்கலாம், மாதிரியும் எடுக்கலாம். ஆனால், அச்சட்டம் எழுந்த காலத்தில் விற்பவனும் வாங்குபவனும் ஒரே மேசையின் இரு புறமும் நின்றனர். இன்றோ இடையில் ஒரு நிறுவனம் நிற்கிறது. தரகு பெறும்போது அது வியாபாரி. பொறுப்பைக் கேட்டால் வெறும் இடையாள். தலைக்கணக்கில் காசு பெற்ற கங்காணி, கடனை மட்டும் தொழிலாளியின் பெயரில் எழுதிவைத்த வரலாறு மலையகத்தார்க்குப் புதிதன்று. அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

'விநியோகித்தல்' என்னும் சொல்லுக்கு உரியவர் யார் என்பதே இன்றைய வினா. பொதியைச் சுமப்பவனா? சுமக்க ஏவி, அதன் விலையிற் பங்கு பெறுபவரா? சமைத்த உணவு 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் இருத்தல் வேண்டும் என்றும், சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணிக்கு மேல் கிடத்தலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. கண்டி நகரின் வாகன நெரிசலில் ஒரு பொதி எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதைத் தீர்மானிப்பவன் அவ்விளைஞன் அல்லன். வகுப்பவர் எவரோ, அவரே விடையளிக்கவும் வேண்டும்.

இது நடவாத காரியமன்று. இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இணையவழி நிறுவனங்களும் உணவு வணிகராகக் கொள்ளப்பட்டு உரிமம் பெறல் வேண்டும் என்றாயிற்று. 2018இல் அதிகாரசபையின் கட்டளைப்படி, உரிமமற்ற பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உணவகங்களை அவை தம் பட்டியல்களிலிருந்து நீக்கின. எம் நாட்டிலும் பட்டியலில் இடம்பெறும் ஒவ்வொரு கடைக்கும் அந்நிறுவனங்களைக் கூட்டாகப் பொறுப்பாக்குதல் வேண்டும். சிறு கடைகளை மூடுவது நோக்கமாகாது. அவற்றின் உழைப்பில் தரகு பெறுவோர், அவற்றின் தூய்மைக்கும் செலவிடட்டும்.

கெட்ட பொதி வந்தால் வாசலில் நிற்பவனை ஏசுவது எளிது. பற்றுச்சீட்டையும் பொதியையும் பேணிப் பரிசோதகரிடம் முறையிடுவதே கற்றோர் கடமை. தூய உணவைக் கோரும் குரல், அதைச் சமைத்தவரையும் சுமந்தவரையும் மறக்குமாயின், 1906இன் பாதி வெற்றியே மீண்டும் எமக்குக் கிட்டும்.