மலையகப் புனைகதையும் கேள்விச் செல்வமும்

கதை புனையும் ஆற்றல் நூற்பயிற்சியால் மட்டும் வளர்வதன்று. நூல் பல கற்றும் உயிருள்ள ஒரு மாந்தனைப் படைத்துக் காட்ட இயலாதார் பலர் உளர். தொல்காப்பியர் நாடக வழக்கோடு உலகியல் வழக்கையும் புலனெறிக்கு அடிப்படையாக வைத்தார். உலகியல் வழக்கோ நாள்தோறும் கண்டும் கேட்டும் பயில வேண்டுவது. கல்வியைக் கூறிய வள்ளுவர் கேள்விக்கும் தனி அதிகாரம் வகுத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. இவ்வுண்மைக்கு மலையகப் புனைகதை தக்க சான்றாகும்.

சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) வட்டகொடையை அடுத்த மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்தவர். 1947இல் இலங்கை இந்திய காங்கிரஸ் சார்பில் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். தொழிற்சங்கப் பணியிலும் நெடுங்காலம் ஈடுபட்டார். தொழிலாளரின் முறையீட்டைக் கேட்டல் தொழிற்சங்கவாதியின் அன்றாடக் கடமை. முறையிடுவோர் நிகழ்ந்ததை நிரல்படக் கூறுவதில்லை. இடையே மகளின் கலியாணமும், ஓயாத மழையும், தீராத பழங்கடனும் வந்து கலக்கும். பொறுமையற்றவனுக்கு அவை வீண்பேச்சு. கதைஞனுக்கோ அவையே மனிதன்.

தோட்டத்து நாட்டார் பாடல்களையும் அவர் தேடித் தொகுத்தார். அவை நூலுருவும் பெற்றன. வாய்மொழிப் பாடலை எழுத்தில் வடிப்பவன் தன் சொல்லை இடையே நுழைத்தல் ஆகாது. பாடுவோர் சொல்லையும் அவர் நிறுத்தும் இடத்தையும் அவ்வாறே ஏற்றல் வேண்டும். இவ்வடக்கமே உரையாடல் எழுதுவோனுக்கு வாய்க்கத்தக்க சிறந்த பயிற்சி. ஆங்கிலத்தில் எழுதி 1970இல் வெளியான ‘பார்ன் டு லேபர்’ நூலில் தோட்டத்து மாந்தரை அவர் உயிர்ப்புடன் வரைய முடிந்ததற்கு இச்செவிப்பயிற்சியே காரணம் எனலாம்.

என். எஸ். எம். இராமையா வானொலி நாடகம் எழுதிக் கைபழகியவர். குரலன்றி வேறு துணையில்லாத கலை அது. பாத்திரத்தின் முகத்தையும் உடையையும் பேச்சே காட்டியாக வேண்டும். அவருடைய ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்னும் சிறுகதை, ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறையை அச்சாகக் கொண்டு சுழல்கிறது. வெளியாருக்கு அந்நிறை வெறும் எண். தோட்டத்திலோ அது கூலி, மானம், அயலாரின் பொறாமை ஆகிய மூன்றையும் ஒருங்கே தாங்குவது.

தோட்டத்தில் ஒருநாட் கூலியைப் ‘பேர்’ என்பர்; குறித்த அளவு பறிக்கத் தவறினால் விழுவது ‘அரைப்பேர்’. உழைத்தவளின் பெயரே பாதியாகிவிட்டது போன்றதொரு துயரம் அச்சொல்லில் உண்டு. இதனை எந்த அகராதியும் கற்பிக்காது. மடுவத்தில் நிறை பார்க்கும் வேளையில் அருகே நின்று கேட்டவனுக்கே அது புலப்படும். கேளாது எழுதுவோர் கதைகளில் தொழிலாளி மேடைப் பேச்சாளனாகி விடுகிறான். எழுதியவரின் இரக்கம் மெய்யானதே; ஆயினும் அவன் வாயிலிருந்து வருவது அவன் குரலன்று.

இக்கேள்வியைக் காலந்தாழ்த்தலும் ஆகாது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. கப்பலேறிய குடும்பங்களுடன் அவர்தம் கதைகளும் தாலாட்டும் ஒப்பாரியும் சென்றன. எழுதி வைக்கப்பட்டவை மட்டுமே இங்கு எஞ்சின.

எழுத விழையும் மலையக மாணவன் தன் லயத்துப் பேச்சை நாணி மறைத்தல் வேண்டா. இரவில் அடுப்பருகே பாட்டி கூறுவதைக் கேட்டு, மறுநாட் காலையில் அவள் சொன்ன சொற்களிலேயே ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பானாக. அப்பக்கம் பிழையுடையதாயினும் பிறர் கதையின் நகலாக இராது.