141 புள்ளிகளில் ஒரு டைவ்

குலசேகரத்திலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ரப்பர் தோட்டமும் கோதையாறும் திற்பரப்பு அருவியும்தான் எங்கள் ஊர். களியக்காவிளை தாண்டிக் கோவளம் போய் ஸ்கூபா கற்றுக்கொண்டேன். இப்போது நான்காவது சீசன். தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் கடல் கலங்கி, படகுகள் கரையேறிவிடும். அந்த மாதங்களில் எனக்கு மிஞ்சுவது போட்ட டைவ்களின் பதிவான டைவ் லாக் மட்டும்தான். அதனால், அந்த லாக்கைப் பதிகிற, மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரின் திரை எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதைவிட, உள்ளே பதிந்ததை வெளியே எடுக்க எவ்வளவு பாடு என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். கருவி விற்கிறவர்கள் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

என் கையில் இருப்பது சூன்டோ ஜூப் நோவோ. நான்கு பொத்தான், கறுப்பு வெள்ளைத் திரை, தடித்த உடம்பு. புளூடூத் கிடையாது. 1.2 மீட்டர் ஆழம் தாண்டியதும் தானாகவே டைவ் கணக்கைத் தொடங்கிவிடும். மேலே வந்து ஐந்து நிமிடத்துக்குள் மறுபடி இறங்கினால் அதைப் புதிய டைவாக எண்ணாது, பழையதிலேயே சேர்த்துவிடும். ஆங்கர் கயிற்றைச் சரிசெய்ய ஒரு நிமிடம் மேலே வந்தவருக்கு இது பெரிய உதவி.

உள்ளே என்ன நடக்கிறது? அழுத்தத்தை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. அதன் கணக்கிலிருந்து ஆழம் கிடைக்கிறது. அந்த ஆழத்தை ஒவ்வொரு 20 விநாடிக்கும் ஒரு முறை நினைவகத்தில் எழுதி வைக்கிறது. வேண்டுமானால் 10 விநாடியாக மாற்றலாம். போன சீசனில் நான் போட்ட கடைசி டைவ் 47 நிமிடம். 20 விநாடிக் கணக்கில் அது 141 புள்ளிகள். முக்கால் மணி நேரக் கடல் மொத்தமும் அந்த 141 எண்களில் அடங்கியிருக்கிறது.

அந்த டைவுக்குப் பிறகு நான் 10 விநாடிக்கு மாற்றிவிட்டேன். காரணம் இதுதான். மேலே ஏறும் வேகம் நிமிடத்துக்கு 10 மீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த வேகத்தில் ஏறினால் 20 விநாடியில் மூன்று மீட்டருக்கு மேல் கடந்துவிடுவோம். நடுவில் ஒரு பதற்றத்தில் சட்டென்று உயர்ந்து, பிறகு சுதாரித்து நின்றிருந்தால், கரையில் வந்து பார்க்கும்போது, புள்ளிகளை இணைத்து வரும் ஆழக் கோட்டில் அது தெரியாமலே போகலாம். தவறைத் திருத்திக்கொள்ளத்தானே லாக்?

அடிக்கடி பதிந்தால் நினைவகம் சீக்கிரம் நிறையும். நிறைந்ததும் இந்தக் கருவிகள் நின்றுவிடுவதில்லை. மிகப் பழைய டைவை அழித்துவிட்டு அதன் இடத்தில் புதியதை எழுதும். எச்சரிக்கை எதுவும் வராது. எங்கள் ஊரில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு இது புரியும். காலையில் வெட்டிய பாலை மழைக்கு முன்னால் சிரட்டையிலிருந்து எடுத்தாக வேண்டும். நாளைக்கு என்று விட்டால் பால் இல்லை.

லாக்கை வெளியே எடுப்பதற்குத் தனியாக ஒரு யூஎஸ்பி கேபிள் வாங்க வேண்டும். கருவியோடு வருவதில்லை என்பது எனக்கு இன்றும் பெரிய குறைதான். துணிக்கவ்வி மாதிரி இருக்கும் அதன் முனை, கருவியின் பக்கவாட்டில் உள்ள உலோகப் புள்ளிகளைக் கவ்வ வேண்டும். முதல் முறை கவ்வியபோது லேப்டாப்பில் ஒன்றுமே வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். உலோகப் புள்ளியின் மேல் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, துணியில் ஒற்றிய பிறகு உயிர் வந்தது. டைவ் முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவிவிட்டால் இந்தத் தொல்லை வராது.

கேபிளின் மறுமுனையில் எந்த மென்பொருள் என்பதுதான் முக்கியமான கேள்வி. கம்பெனியின் சொந்த மென்பொருளில் தொடங்கலாம், வசதிதான். ஆனால் சூன்டோவின் மூவ்ஸ்கவுண்ட் தளத்தில் பல ஆண்டு லாக் வைத்திருந்தவர்கள், அது மூடப்பட்டபோது வேறு இடம் மாற வேண்டியிருந்தது. நான் சப்சர்ஃபேஸ் பயன்படுத்துகிறேன். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-இல் தொடங்கிய இலவச மென்பொருள் இது. அவரும் டைவர். பல கம்பெனிகளின் கருவிகளோடு இது பேசுகிறது. அந்தப் பேச்சுக்கு அடியில் இருப்பது லிப்டைவ்கம்ப்யூட்டர் என்ற நிரல் நூலகம். ஒவ்வொரு கருவியும் பேசும் தனி மொழியைப் பொறுமையாகப் பிரித்தறிந்து எழுதியிருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு நான் மனமார நன்றி சொல்கிறேன்.

சேமித்த கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்து பார்த்தேன். ஒரு வரிக்கு ஒரு புள்ளி, நேரமும் ஆழமும் கண்ணுக்குத் தெரியும் எண்களாக இருந்தன. நாளைக்கு இந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் என் டைவ்கள் படிக்கக் கிடைக்கும். குறிப்புப் பெட்டியில் தமிழில் எழுதிச் சேமித்தேன், ஓர் எழுத்தும் உடையவில்லை. அடுத்த முறை கேபிளைச் செருகியபோது ஏற்கெனவே எடுத்தவற்றை விட்டுவிட்டுப் புதிய டைவ்களை மட்டும் இழுத்துக்கொண்டது.

ஒரு தடவை ஒரு கடையில் கொடுத்து பேட்டரி மாற்றினேன். லாக் அப்படியே இருந்தது, கடிகாரம் மட்டும் பின்னால் போய்விட்டது. கவனிக்காமல் ஆறு டைவ் போட்டுவிட்டேன். ஆறும் தவறான தேதியில், பழைய டைவ்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டன. சப்சர்ஃபேஸில் ஆறையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து நேரத்தை நகர்த்தினேன். உடம்பில் நைட்ரஜன் குமிழி ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகிறவரிடம் டாக்டர் கேட்பது எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், இரண்டு டைவுக்கு நடுவே எத்தனை மணி என்றுதான். தேதியும் நேரமும் பிசகிய லாக் அங்கே உதவாது. தூத்துக்குடியில் கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு சங்கு குளிக்கிறவர்களை நினைத்துக்கொள்கிறேன். பொழுதுபோக்குக்குப் போகும் என்னைவிட அவர்கள் மணிக்கட்டுக்கே இந்தக் கருவி முதலில் போய்ச் சேர வேண்டும்.

நண்பரின் ஷியர்வாட்டர் பெரெக்ரினையும் ஒரு நாள் வாங்கிப் பார்த்தேன். கலர் திரை, வயர் இல்லாத சார்ஜ், புளூடூத். படகிலேயே போனில் லாக் இறங்கிவிட்டது. காசு இருந்தால் அதுதான். இல்லாதவர்களுக்கு ஜூப் நோவோவும் கேபிளும் போதும், நான் மாற்றப்போவதில்லை.

இரண்டு கருவிக்கும் தெரியாத ஒன்று, எந்த இடத்தில் இறங்கினோம் என்பது. ஜிபிஎஸ் சிக்னல் தண்ணீருக்குள் வராது. இடத்தின் பெயரை நாம்தான் எழுத வேண்டும், அதுவும் அன்றே. போன சீசனின் அந்தக் கடைசி டைவுக்கு நான் பெயர் எழுதியிருக்கவில்லை. குளச்சல் பக்கத்திலிருந்து வந்து எங்கள் படகை ஓட்டும் அண்ணனிடம் லேப்டாப்பைக் காட்டினேன். 16 மீட்டரில் ஓடிய கோடு, நடுவில் 11 வரை ஏறி மறுபடி இறங்கியிருந்தது. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது பாருக்க தலையில்லா மக்கா. அதுல ஏறி அந்தப் பக்கம் எறங்கியிருக்க."

பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. அந்தப் பார் எது, கரையில் எந்தக் குன்றையும் எந்தக் கோயிலையும் நேர்கோட்டில் வைத்தால் அதன் மேல் படகு நிற்கும் என்று சொன்னார். 141 புள்ளிகளுக்குக் கீழே உள்ள பெட்டியில், அவர் சொன்ன வரிசையிலேயே எழுதிச் சேமித்தேன்.